திறவுச்சொல்

ஒரு பொருளைத் தேடப் புகுவார் முதற்கண் அப்பொருளின் பெயரை அறிந்திருத்தல் வேண்டும். பெயர் அறியாதான் கடைவீதி முழுவதும் அலைந்தாலும் வெறுங்கையுடன் மீள்வான். பெயர் அறிந்தவனோ முதற் கடையிலேயே வேண்டியதைப் பெற்று வீடு திரும்புவான். நூலகத்திலும் இதுவே உண்மை. முற்காலத்து நூலகங்களில் அட்டைப்பெட்டிகளைத் திறந்து, அகர வரிசையில் அடுக்கிய அட்டைகளைப் புரட்டி நூல்களைத் தேடினர். இக்காலத்தில் நூல்கள், ஆய்விதழ்கள், ஆய்வேடுகள் ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகள் கணிப்பொறியில் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. அத்தொகுப்பினைத் தரவுத்தளம் என்பர். அதன் கதவைத் திறப்பதற்கு நாம் இடும் சொல்லே திறவுச்சொல் ஆகும். அதனைத் தேர்ந்தெடுத்தலும் பிற சொற்களோடு பொருத்துதலும் ஒரு கலை. அக்கலையினை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக அறிவோம்.

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் அமைந்தது கொடைக்கானல் நகரம். அதன் ஒரு பகுதி நாயுடுபுரம். அங்கு வாழும் மாணவி ஒருத்தியின் வீட்டிற்குப் பின்புறம், மலைச்சரிவில் ஓர் ஊற்று உண்டு எனக் கொள்வோம். தன் இளமையில் அவ்வூற்றுக் கோடையிலும் வற்றியதில்லை என்று அவள் பாட்டி கூறுகின்றாள். இப்பொழுதோ பங்குனி பிறக்கும் முன்னரே அது வறண்டு விடுகின்றது. ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்த மேட்டு நிலம் முழுவதும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வரப்பட்ட மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. ஊற்று வறண்டமைக்கு அம்மரங்கள் காரணமா? இதனை ஆராய்ந்தவர் எவரேனும் உளரா? இவ்வினாவுடன் அம்மாணவி நூலகத்தை அடைகின்றாள்.

அவள் கணிப்பொறியின் முன் அமர்ந்து, “எங்கள் ஊர் ஊற்று ஏன் வறண்டு போயிற்று?” என்று தட்டெழுதுகின்றாள். பயன் ஒன்றுமில்லை. நூலகரிடம் இவ்வாறு கேட்டிருந்தால், அவர் அவளுடைய கருத்தை உணர்ந்து வேண்டிய நூலை எடுத்துத் தந்திருப்பார். நூலகத் தரவுத்தளமோ பெரும்பாலும் கருத்தை நோக்குவதன்று, எழுத்தை நோக்குவது. நாம் இட்ட எழுத்துகள் குறிப்பில் உள்ள எழுத்துகளோடு பொருந்துகின்றனவா என்பதையே அது பார்க்கும். ‘எங்கள்’, ‘ஏன்’, ‘போயிற்று’ என்னும் சொற்கள் எந்த ஆய்வு நூலின் தலைப்பிலும் இடம்பெறுதல் அரிது. ஆதலின், வினாவை அப்படியே இடுதல் கூடாது. அதனைப் பகுத்துக் கருத்துச் சொற்களை மட்டும் பிரித்தெடுத்தல் வேண்டும். இதுவே முதற்படி.

பகுக்கும் முறையினை உலகிற்குத் தெளிவாக எடுத்துரைத்தவர் நம் தமிழ்நாட்டவரே. சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்து, கணித ஆசிரியராக விளங்கி, 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றவர் சீ. இரா. அரங்கநாதன். அவர் நூலகவியல் கற்க இலண்டன் மாநகர் சென்றிருந்தபொழுது, ஒரு கடையில் சிறுவர்க்குரிய விளையாட்டுக் கருவி ஒன்றனைக் கண்டார். சில தகடுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு வகையாகப் பொருத்தி, அதே உறுப்புகளைக் கொண்டு பல பொம்மைகளைச் செய்து காட்டினர். அறிவுத்துறைப் பொருள்களையும் இவ்வாறே சில உறுப்புகளாகப் பகுத்துப் பின்னர்ப் பொருத்தலாமே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் முகிழ்த்தது. அதன் பயனாக 1933ஆம் ஆண்டில் கோலன் பகுப்புமுறை என்னும் நூற்பகுப்பு முறையினை வெளியிட்டார். ஒரு நூலின் பொருளை, முதன்மையான பொருள் யாது, அது எதனால் ஆயது, அதன்கண் நிகழும் செயல் யாது, எவ்விடத்தது, எக்காலத்தது என ஐந்து கூறாக நோக்குதல் அவர் கண்ட நெறி. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றின்கண் உள்ளன கருப்பொருள் என்றும் பகுத்துப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இந்நெறி புதிதாகத் தோன்றாது.

இந்நெறியின்படி நம் மாணவியின் வினாவினைப் பகுப்போம். நிலம் பழனி மலை. அந்நிலத்தில் வந்து சேர்ந்த பொருள் அயல்நாட்டு மரம். குறைந்த பொருள் நீர். மறைந்த பொருள் புல்வெளி. காலம் பாட்டியின் இளமைக்காலம் முதல் இன்று வரை. நீண்ட வினா இப்பொழுது நான்கைந்து கருத்துகளாகச் சுருங்கிவிட்டது.

இரண்டாம் படி, ஒவ்வொரு கருத்திற்கும் உரிய வேறு பெயர்களைத் தொகுத்தல். ஒரே பொருளைப் பலரும் பல பெயரால் வழங்குவர். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்து நிகண்டு நூல்களை இயற்றினர். திவாகரமும், மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டும் முதற் பத்துத் தொகுதிகளில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் திரட்டித் தருகின்றன. பதினோராந் தொகுதியில் ஒரு சொல் உணர்த்தும் பல பொருள்களைக் கூறுகின்றன. தேடுவோர்க்கு நேரும் இடர்கள் இவ்விரண்டே. பெயர் பலவாயின் வேண்டியது நழுவிப் போகும். பொருள் பலவாயின் வேண்டாதது வந்து குவியும்.

முதல் இடரினைப் பாருங்கள். பழனி மலையினைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியோர் அதன் பெயரை ஒரே வகையாக எழுதினாரல்லர். பைசன் என்னும் தாவரவியலார் 1915ஆம் ஆண்டு முதல் 1920ஆம் ஆண்டு வரை நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் இம்மலையின் பெயர் ‘புல்னி’ என்று காணப்படும். அருட்டந்தை மத்தேயு 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலின் தலைப்பில் ‘பல்னி’ என்றுள்ளது. இம்மலையின் புல்வெளிகள் சுருங்கியதைப் பற்றி 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையிலோ ‘பலனி’ என்று எழுதப்பட்டுள்ளது. மலை ஒன்று; எழுத்து மூன்று! இவற்றுள் ஒன்றனை மட்டும் இட்டுத் தேடுவார், நூறாண்டு ஆராய்ச்சியில் ஒரு பகுதியை மட்டுமே காண்பர். தமிழிலும் பழனி என்றும் பழநி என்றும், கொடைக்கானல் என்றும் கோடைக்கானல் என்றும் எழுதுவார் உளர்.

மரத்தின் பெயரும் அவ்வாறே. ஒரே மரத்தை யூகலிப்டஸ் என்பர் சிலர்; தைலமரம் என்பர் வேறு சிலர்; கற்பூர மரம் என்பர் மலைவாழ் மக்கள் பலர். ஆங்கிலத்தில் அதன் ஒரு வகையை நீலப்பிசின் என்னும் பொருள்பட ‘புளூகம்’ என்பர். மற்றொரு மரமாகிய வாட்டிலைச் சீகை மரம் என்றும் வழங்குவர். அறிவியற்பெயர் இடின் ஐயமில்லை என்று கருதுவோமாயின், அதுவும் காலந்தோறும் மாறியுள்ளது. இன்று ‘அக்கேசியா மெர்ன்சி’ எனப்படும் கரிய வாட்டில், பழைய நூல்களில் ‘அக்கேசியா மொல்லிசிமா’ என்று குறிக்கப்பட்டிருக்கும். நீர் பற்றிய கருத்திற்கு ஊற்று, ஓடை, நீர்வரத்து, நீரியல் எனப் பல சொற்களைத் தொகுக்கலாம். ஆகவே, கணிப்பொறியின் முன் அமருமுன் ஒரு தாளினை எடுத்துக்கொள்க. கருத்திற்கு ஒரு நிரலாகக் கோடிட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதன் பெயர்களை எழுதுக. இதுவே நீங்கள் இயற்றும் சிறு நிகண்டு.

மூன்றாம் படி, சொற்களை இணைத்தல். இதற்கு மூன்று இணைப்புச் சொற்கள் பயன்படுகின்றன. ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், சிந்தனையின் விதிகளைக் கணக்கு வடிவில் அமைத்து 1854ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் காட்டிய வழியிலேயே இவ்விணைப்புகள் இயங்குகின்றன. ஆங்கிலத்தில் இவற்றை ‘ஆண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’ என்பர். தமிழில் ‘உம்’, ‘அல்லது’, ‘நீங்கலாக’ எனக் கொள்ளலாம்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. “மாம்பழமும் பலாப்பழமும் வாங்கி வா” என்று ஒருவரை ஏவினால் பழங்கள் மிகும். தரவுத்தளத்தில் உம்மையின் இயல்பு இதற்கு மாறானது. ‘மாவும் பலாவும்’ எனத் தேடினால், இரண்டும் ஒருங்கே நிற்கும் தோப்புகளை மட்டுமே அது காட்டும். மா மட்டும் நிற்கும் தோப்பும் பலா மட்டும் நிற்கும் தோப்பும் விலக்கப்படும். எனவே, உம்மை விடைகளைக் குறைக்கும். ‘மா அல்லது பலா’ எனத் தேடினாலோ மூவகைத் தோப்புகளும் வந்து சேரும். எனவே, ‘அல்லது’ விடைகளைப் பெருக்கும். ஒரே கருத்தின் பல பெயர்களை ‘அல்லது’ கொண்டு இணைக்க வேண்டும். வெவ்வேறு கருத்துகளை ‘உம்’ கொண்டு இணைக்க வேண்டும். இவ்விதியை மனத்திற் கொண்டவர் இக்கலையின் பாதியைக் கற்றவராவர்.

கணக்கில் பிறை அடைப்பிற்குள் உள்ளவற்றை முதலிற் செய்வது போலவே, இங்கும் ஒரே கருத்தின் பெயர்களை அடைப்பிற்குள் வைத்தல் வேண்டும். நம் மாணவி அமைக்கும் தொடர் இவ்வாறு இருக்கும்:

(பழனி அல்லது பழநி அல்லது கொடைக்கானல்) உம் (யூகலிப்டஸ் அல்லது தைலமரம் அல்லது கற்பூர மரம் அல்லது வாட்டில் அல்லது சீகை மரம்) உம் (ஊற்று அல்லது ஓடை அல்லது நீர்வரத்து)

ஆங்கிலத் தரவுத்தளமாயின் இதே அமைப்பில் ஆங்கிலச் சொற்களை இடுதல் வேண்டும்.

இனி, நிகண்டின் பதினோராந் தொகுதி காட்டும் இடரினைப் பார்ப்போம். குறிஞ்சி என்னும் சொல்லை இட்டுத் தேடுக. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மலையை நீலமாக்கும் செடியும் வரும். ஐந்திணையுள் ஒன்றும் வரும். பண்ணின் பெயரும் வரும். கொடைக்கானலில் உள்ள முருகன் கோயிலும் வரும். இங்கு ‘குறிஞ்சி நீங்கலாகப் பண்’ என்பது போன்ற விலக்கு உதவும் என எண்ணுதல் இயல்பு. ஆயினும் விலக்கினை அளந்தே ஆளுதல் வேண்டும். செடியைப் பற்றி விரிவாக எழுதிய ஆசிரியர் ஒருவர், ஓரிடத்தில் பண்ணையும் குறிப்பிட்டிருப்பாராயின், அந்நல்ல கட்டுரையும் விலக்கப்பட்டுவிடும். களையைப் பிடுங்குவார் பயிரையும் சேர்த்துப் பிடுங்கலாகாது. விலக்குவதினும் ‘செடி’, ‘தாவரம்’ போன்ற மற்றொரு கருத்தினை உம்மை கொண்டு சேர்த்தலே நன்று.

இரு சொற்கள் அடுத்தடுத்து அவ்வரிசையிலேயே வரவேண்டுமாயின், அவற்றை இரட்டை மேற்கோட்குறிக்குள் அமைக்க வேண்டும். அவ்வாறு செய்யுங்கால் தமிழில் விழிப்பு மிகுதியும் வேண்டும். மலைப்பள்ளங்களில் வளரும் சோலைக்காட்டினை ஒருவர் சேர்த்து எழுதுவர். மற்றொருவர் ‘சோலைக் காடு’ என்று பிரித்து எழுதுவர். சந்தி அறியாதார் ‘சோலை காடு’ என்று ககர ஒற்றினை விட்டும் எழுதுவர். நமக்கு மூன்றும் ஒன்றே. இயந்திரத்திற்கோ மூன்றும் மூன்றே.

சொல்லின் இறுதி மாறி வருமிடத்து உடுக்குறி துணை செய்யும். ஒரு சொல்லின் முற்பகுதியை மட்டும் எழுதி, அதன்பின் உடுக்குறி இட்டால், அப்பகுதியில் தொடங்கும் எல்லாச் சொற்களையும் பல தரவுத்தளங்கள் தேடித் தரும். குறிஞ்சிச் செடியின் அறிவியற்பெயரின் இரண்டாம் சொல்லைச் சிலர் ‘குந்தியானா’ என்றும், சிலர் ‘குந்தியானஸ்’ என்றும் எழுதுவர். ‘குந்தியான’ என்னும் அளவில் நிறுத்தி உடுக்குறி இட்டால் இரண்டும் அகப்படும்.

தமிழ்ச் சொல்லை எவ்விடத்தில் நிறுத்துவது என்பதற்கு இலக்கணமே வழிகாட்டும். ‘புல்வெளி’ என்று எழுதி உடுக்குறி இடின், புல்வெளிகள், புல்வெளியை, புல்வெளியின் ஆகிய யாவும் கிடைக்கும். ஆனால் ‘ஊற்று’ என்று எழுதி உடுக்குறி இடின், ஊற்றுகள் கிடைக்கும். ‘ஊற்றின்’, ‘ஊற்றில்’ என்பவை கிடையா. ஏன்? உயிரெழுத்தில் தொடங்கும் உருபு வருங்கால் குற்றியலுகரம் கெட்டுவிடும் என்று நன்னூலிற் கற்றிருக்கின்றோம். உகரம் கெட்டபின் ‘ஊற்று’ என்னும் வடிவம் அங்கு இல்லை. ஆதலின், ‘ஊற்ற’ என்பதோடு நிறுத்தி உடுக்குறி இடுதல் வேண்டும். அங்ஙனமே ‘மரம்’ என்பது அத்துச் சாரியை பெற்று ‘மரத்தை’ என்றாகும். மகரத்தோடு நிறுத்தினால் மரத்தை இழப்போம். ‘மர’ என்பதோடு நிறுத்தினாலோ மரபும் மரணமும் உடன் வந்து நிற்கும்! இவ்விடத்தில் மரம், மரங்கள், மரத்த என மூன்றையும் ‘அல்லது’ கொண்டு இணைத்து, இறுதியதற்கு மட்டும் உடுக்குறி இடுதலே தக்கது. இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியது என எண்ணும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.

இவ்வாறு தேடிய மாணவி என்ன கண்டாள்? முன்னர்க் கூறிய 2018ஆம் ஆண்டுக் கட்டுரை அவளுக்குக் கிடைக்கின்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்றும், மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அதற்குக் காரணம் என்றும் அது கூறுகின்றது. நீரைப் பற்றியோ அவள் எதிர்பார்த்த அளவு விடை கிடைக்கவில்லை. அவள் சோர்ந்துவிடவில்லை. விடை மிகுந்தால் ஒரு கருத்தினைக் கூட்டுதலும், விடை குறைந்தால் ஒரு கருத்தினைத் தளர்த்துதலும் வேண்டும் என்பதை அவள் அறிவாள். பழனி என்னும் இடத்தைத் தளர்த்தி, அதனோடொத்த நீலகிரியையும் சேர்த்துக்கொள்கின்றாள்.

அப்பொழுது 1988ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அகப்படுகின்றது. நீலகிரியில் அருகருகே அமைந்த இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளுள் ஒன்றனை இயற்கையாக விட்டு, மற்றொன்றில் தைலமரம் நட்டு, இரண்டின் நீர்வரத்தினையும் ஆண்டுதோறும் அளந்தனர். முதற் பத்தாண்டுகளில், மரம் நட்ட பகுதியின் நீர்வரத்துச் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது என்று கண்டனர். இக்கட்டுரையின் தலைப்பில் பழனி என்னும் சொல் இல்லை; யூகலிப்டஸ் என்னும் சொல் இல்லை; ஓடை என்னும் சொல்லும் இல்லை. நீலகிரி, புளூகம், நீரியல் என்னும் சொற்களே உள்ளன. முன்னரே பெயர்களைத் தொகுத்து வைத்திராவிடின், தனக்கு மிகவும் வேண்டிய கட்டுரையின் அருகிலேயே அவள் கடந்து சென்றிருப்பாள்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தபின், அதனையே விளக்காகக் கொண்டு மேலும் தேடலாம். நூலகத்தார் அதற்குக் கொடுத்துள்ள பொருட்டலைப்பினைக் குறித்துக்கொள்க. பொருட்டலைப்பு என்பது, பல பெயருடைய பொருளுக்கு நூலகத்தார் உடன்பட்டு வைத்துள்ள ஒரே பெயர். அதனை இட்டுத் தேடினால், ஆசிரியர்கள் எப்பெயரால் எழுதியிருப்பினும் அவை யாவும் ஓரிடத்தில் வந்து கூடும். கட்டுரையின் இறுதியில் ஆசிரியர் காட்டியுள்ள முந்தைய நூல்களையும் பார்க்க வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் சோத்கங்கா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், கரக்பூர் தொழில்நுட்பக் கழகம் நடத்தும் தேசிய மின்னூலகம் ஆகியவற்றை மலைமேலிருந்தும் நாம் அணுகலாம். ஒவ்வொன்றும் குறிகளை ஆளும் முறையில் சிறிது வேறுபடும். ஆதலின், அவ்வவற்றின் உதவிப் பக்கத்தினை முதலிற் படித்தல் நன்று. எந்நாளில் எத்தளத்தில் எத்தொடரினை இட்டு எத்தனை விடை பெற்றோம் என்பதனை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தலும் வேண்டும். அன்றேல் நடந்த வழியிலேயே மீண்டும் மீண்டும் நடப்போம்.

இவை யாவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு, அது நடுவுநிலைமை. ‘தைலமரத்தின் தீமை’ என்று இட்டுத் தேடுவார், தீமை கூறும் நூல்களையே காண்பர். ‘தைலமரத்தின் நன்மை’ என்று தேடுவாரும் அவ்வாறே தம் எண்ணத்தையே திரும்பப் பெறுவர். முடிவினைத் திறவுச்சொல்லாக இடுதல், சான்று கேளாது தீர்ப்பு எழுதுவதை ஒக்கும். தைலமரமும் நீரும் என்று மட்டும் கேட்டு, இரு திறத்தார் கூற்றினையும் படித்து, அதன்பின் முடிவு கொள்வதே அறிஞர் நெறி. விடை ஒன்றும் கிடையாவிடின், அப்பொருளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்று துணிந்து கூறலும் ஆகாது. நம் சொல் தவறியிருக்கலாம். அன்றி, நூல் வேறோரிடத்தில் இருக்கலாம்.

நம் மாணவி தன் கட்டுரையினை எழுதி முடிக்கின்றாள். புல்வெளி குறைந்தது ஆராய்ந்து கண்ட உண்மை என்று எழுதுகின்றாள். நீலகிரியில் மரம் நட்டபின் நீர்வரத்துக் குறைந்ததும் அளந்து கண்ட உண்மை என்று எழுதுகின்றாள். தன் வீட்டின் பின்புறத்து ஊற்றினை அளந்தவர் எவரையும் தான் காணவில்லை என்பதையும் மறையாது எழுதுகின்றாள். அதனோடு அவள் நின்றுவிடவில்லை. வாரத்திற்கு ஒருநாள் ஒரு குடத்தினை ஊற்றின் கீழ் வைத்து, அது நிறைய எத்துணை நேரமாகின்றது எனக் கடிகாரம் பார்த்துக் குறிக்கத் தொடங்குகின்றாள். நன்கு தேடியவளாதலின், எது அறியப்பட்டது, எது இன்னும் அறியப்படவில்லை என்னும் எல்லை அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வெல்லையிலிருந்தே புதிய ஆராய்ச்சி தொடங்குகின்றது.

மாணவர்களே! படிப்போரின் காலத்தைக் காத்தல் நூலகத்தின் கடமை என்பது அரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்று. நூலகம் தன் கடமையினைச் செய்யக் காத்திருக்கின்றது. கேட்கும் முறையறிந்து கேட்டல் நம் கடமை. வினாவைப் பகுத்து, பெயர்களைத் தொகுத்து, அளவறிந்து இணைத்து, நடுவு நின்று ஆராய்வீராக. உங்கள் ஊரைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்பும் ஒருநாள் நூலகத்தில் இடம்பெறலாம். அதனைத் தேடி வருவார்க்கு எளிதில் அகப்படும் வண்ணம், ஊரின் பெயரையும் பொருளின் பெயரையும் தலைப்பிலேயே தெளிவாக எழுதி வைப்பீராக.